கீழ் வரிசையில் ஒட்டிய தாள்

ஷாகிரா டீச்சரிடம் யார் பேசினாலும் அவர் "ம்" கொட்டுவார். இதைப் பன்னிரண்டு வருடங்களாகப் பார்க்கிறேன். தலைமையாசிரியர் திட்டினாலும் "ம்". மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிற பையன் "டீச்சர், இவன் என் தட்டுல கை வெச்சுட்டான்" என்றாலும் "ம்". எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. மேலே ஏறுகிற "ம்" என்றால் இன்னும் சொல் என்று பொருள். கீழே இறங்கி நிற்கிற "ம்" என்றால் புரிந்தது, எனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று பொருள். ஒருநாள் எங்கள் குடியிருப்பில் மோட்டார் ரிப்பேரான விஷயத்தை அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தையில் முடிக்கத்தான் நினைத்தேன். அவர் "ம்" கொட்டக் கொட்ட, பக்கத்து வீட்டுச் சண்டை, லாரித் தண்ணீர், உடைந்த குடம் என்று கால் மணி நேரம் பேசிவிட்டேன். வெளியே வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. நான் அவ்வளவு பேசுகிறவள் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் ஒரு சந்தில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைதான். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மணி அடிப்பது, சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது என் வேலை. நான் ஆறாம் வகுப்பில் பாதியோடு நின்றவள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் பார்ப்பேன். வராந்தாவில் துடைப்பத்தோடு நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை.

டீச்சர் திருவல்லிக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் கணவர் அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அதை அவர் யாரிடமும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்து டீச்சர் அதிர்ந்து போனார். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் பெயரைத் தாண்டி எழுத வரவில்லை. கைடைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சுப் போல எழுதும். கைடை மூடச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு வருடம் கழித்துத்தான் சரண்யாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பள்ளி மூடியிருந்த வருடத்தில் அவள் இங்கே டீச்சரிடம்தான் ஐந்தாம் வகுப்பு. எல்லாரும் பாஸ் என்று போட்டு அவளையும் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வரி சொந்தமாக எழுத வராமலே போனாள். அங்கே ஒவ்வொரு பாடத்திலும் நின்று நின்று, எட்டாம் வகுப்பில் போவதையே நிறுத்திவிட்டாள். அவள் அப்பா சினிமா ஷூட்டிங்கில் லைட் தூக்குகிறவர். வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் மேலேயிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து படுக்கைதான். அம்மா முத்துலட்சுமி அபார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை செய்கிறாள்.

சரண்யாவின் தங்கை அனுப்ரியா அப்போது டீச்சரின் வகுப்பில் இருந்தாள். பேசவே மாட்டாள். அவள் நோட்டில் தேதி மட்டும் இருக்கும்.

"பெரியவளை விட்டுட்டேன், புஷ்பம் அக்கா" என்றார் டீச்சர் ஒருநாள், கைகழுவும் குழாயடியில். "இவ அஞ்சாவது முடிக்கிறதுக்குள்ள ஒரு பக்கமாவது சொந்தமா எழுதிடணும். இல்லேன்னா இவளும் அதே வழிதான்."

நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகுதான் அந்தப் பேச்சு வகுப்பு. தினமும் மதியம் முதல் பீரியட். பென்சிலை யாரும் தொடக் கூடாது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே தரையில் உட்கார வேண்டும். ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் சும்மா இருக்கக் கூடாது, இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும். சொல்லும்போது ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு புளியங்கொட்டை தரையில் வைக்க வேண்டும். முடித்ததும் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு வரி வீதம் எழுத வேண்டும். வாயில் வந்த பாஷையிலேயே முதலில் எழுதலாம். பிறகு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துத் தமிழாக மாற்றச் சொல்லித் தருவார். சத்துணவுக் கூடத்திலிருந்து புளியங்கொட்டை வாங்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்துத் தருவது நான்.

முதல் வாரம் ஒரே கூச்சல். தலைமையாசிரியர் சுப்பராமன் சார் கதவருகே வந்து நின்றார்.

"ஷாகிரா, நீங்க பாடம் எடுத்துண்டிருக்கேளா, இல்லே தண்ணித்துறை மார்க்கெட் நடத்திண்டிருக்கேளா?"

"கதை சொல்றாங்க சார்."

"கதை சொல்றதுக்கு ஆத்துல ஆள் இல்லையா? பரீட்சைல கதையா கேக்கப் போறான்?"

"ம்" என்றார் டீச்சர். சார் இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்.

அஸ்வின் என்று ஒரு பையன். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவன் வாய் திறந்தால் வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பிவிடும்.

"எங்க நைனா ஆட்டோல ஒரு மாமா பக்கெட் பிரியாணியோட ஏறுனாரு டீச்சர். அடையாறு பாலத்தாண்டை போறப்ப நைனா சடன் பிரேக் போட்டாரா, பக்கெட்டு அப்டியே..."

"மூடி இருந்திச்சா?" என்று எதிரே இருந்த பெண் கேட்டாள்.

"இருந்திச்சு. ஆனா மாமா வாசனை பாக்கறேன்னு தொறந்து வெச்சுக்கினு இருந்தாரு."

"அப்பறம் யாரு துன்னது?"

"துன்னலாம் இல்ல. நாங்க மூணு நாளு ஆட்டோவ கழுவிக்கினே இருந்தோம். இன்னமும் மழை பேஞ்சா பிரியாணி வாசனை வருது."

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஸ்வின் ஒன்பது கொட்டை வைத்தான். அன்றைக்குப் பதினெட்டு வரி எழுதினான். அதற்கு முந்தைய மாதம் அவனுக்கு நாலு வரி வராது. நான் வராந்தாவில் நின்று அந்த நோட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அந்த வயதில் யாராவது இப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அனுப்ரியா ஒரு கொட்டைகூட வைக்கவில்லை. நாலாம் வகுப்பு முடிந்தது. அதே பிள்ளைகளை ஐந்துக்கும் தனக்கே தரச் சொல்லி டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் போயின. அவளுக்கு எதிரே யாரை உட்கார வைத்தாலும் அவர்கள் கதையைக் கேட்பாள். கேள்வி கேட்பாள், நல்ல கேள்வியாகவே கேட்பாள். தன் முறை வந்தால் கொட்டைகளைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் டீச்சரே அவள் எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்றியா?"

அனுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்க சொல்றது இங்கயே இருக்கும். பயப்படாதே."

இதை நான் என் காதால் கேட்டேன்.

தீபாவளி நெருங்கிய சமயம் அவள் பேசினாள். அன்றைக்கு மழை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வகுப்பில் இருட்டாக இருந்தது, கரெண்டும் இல்லை. சத்தம் வராத குரலில் அவள் தொடங்க, டீச்சர் "ம்" கொட்டினார். அக்காவைப் பற்றிச் சொன்னாள். கொட்டை கொட்டையாக வைத்துக்கொண்டே போனாள். பீரியட் முடிந்து மணி அடிக்க வேண்டிய நேரத்தில் நான் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் தாமதமாகத்தான் அடித்தேன். அந்த வருடம் நான் செய்த தப்பு அது ஒன்றோடு நின்றிருக்கலாம்.

மூன்று நாள் உட்கார்ந்து அவள் ஒரு பக்கமும் மறு பக்கத்தில் பாதியும் எழுதினாள். டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த என்னிடம் வந்தார். "எழுதிட்டா அக்கா" என்றார். என் கை ஈரம், அதனால் தாளை வாங்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அத்தனை வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பேச்சு வகுப்பால் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் சுப்பராமன் சாருக்கு அது தன்னுடைய யோசனையாகவே ஆகிவிட்டது. பள்ளிகளுக்கு உதவி செய்கிற ஓர் அறக்கட்டளையிலிருந்து டிசம்பரில் ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது.

"ஷாகிரா, குழந்தைகள் எழுதினதையெல்லாம் சுவர்ல ஒட்டிடுங்கோ. ஜம்முனு இருக்கணும். வரவா பாத்துட்டு அசந்து போகணும்."

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் எதை மாட்டினாலும் எல்லாப் பிள்ளைகளுடையதும் இருக்க வேண்டும். நன்றாக எழுதியவன், எழுதாதவன் என்று பிரித்து ஒட்டினால் ஒட்டப்படாத பிள்ளை மறுநாள் வாய் திறக்காது என்பார். இன்னொரு வழக்கம், பிள்ளைகள் நின்று படிக்கிற உயரத்தில்தான் ஒட்ட வேண்டும். ஆட்கள் வருகிற அன்று காலை தாள்களைக் கட்டோடு என்னிடம் தந்தார்.

"முப்பத்தொரு தாள் இருக்கு. யாரோடதும் விடக் கூடாது அக்கா."

அவர் மைக் செட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் பசையும் தாளுமாக வராந்தாச் சுவருக்கு வந்தேன். ஒவ்வொன்றையும் ஒட்டும்போது ஒரு வரி இரண்டு வரி படிப்பேன். அனுப்ரியாவின் தாளை முழுவதும் படித்தேன். அது இப்படி இருந்தது:

"என் அக்காவின் பெயர் சரண்யா. அவளுக்குப் பதிமூன்று வயது. கேட்டால் பதினெட்டு என்று சொல்ல வேண்டும். அக்கா தி.நகரில் ஒரு மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். கீழே படிக்கட்டில் செருப்பை விடக் கூடாது. விட்டால் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். செருப்பைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீசர் வந்தால் சின்னப் பெண்கள் மூன்று பேரையும் புடவை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். அக்காவுக்கு அது மிகவும் பிடிக்கும். அப்போது தூங்கலாம். போன வாரம் ஆபீசர் வரவில்லை. அதனால் அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் தூங்கினாள். நான் அவள் விரலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அவள் விழிக்கவில்லை."

கடையின் பெயரையும் தெருவின் பெயரையும்கூட எழுதியிருந்தாள். இடத்தைச் சரியாகச் சொன்னால்தான் கேட்கிறவருக்குக் கண்ணில் தெரியும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். மூலையில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். "மிக அருமை" என்றும் எழுதியிருந்தார்.

இது சுவரில் ஒட்டுகிற தாள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வாயால் சொன்னது அந்த மழை நாளோடு போயிருக்கும். இது நிற்கும். டீச்சரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முற்றத்தில் சாரோடும் மைக் செட்காரரோடும் நின்றுகொண்டிருந்தார். மூன்று பேர் நடுவில் போய் ஆயா என்னவென்று சொல்வது? ஒட்டாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன். முப்பத்தொன்று என்று எண்ணித்தான் தந்திருக்கிறார். அனுப்ரியா வேறு வந்து தன்னுடையது எங்கே என்று தேடிக்கொண்டு நின்றாள். கடைசி வரிசையில், குடிநீர் டிரம் பாதி மறைக்கிற மூலையில் ஒட்டினேன். பெரியவர்கள் யாரும் அவ்வளவு குனிந்து படிக்க மாட்டார்கள் என்று என் கணக்கு.

வந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் மேல் வரிசையைப் படித்தார்கள், அஸ்வினின் பிரியாணிக் கதையைப் படித்துச் சிரித்தார்கள். நாலாவது ஒரு பெண். நல்ல மாதிரி. பிள்ளைகளிடம் பேசும்போது முட்டி போட்டு உட்கார்ந்து பேசினார். அனுப்ரியா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிரம்முக்குப் பக்கத்தில் தன் தாளைக் காட்டினாள். ஒன்றரை வருடமாக வாய் திறக்காத பிள்ளை, "இது நான் எழுதினது" என்று தானாகப் போய் ஒரு வெளியாளிடம் சொன்னாள். டீச்சர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துப் போனார். அந்த அம்மா படித்தார். மறுபடி படித்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார்.

நாலு நாள் கழித்து ஆபீசர்கள் அந்த மாடிக்குப் போனார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துதான் போனார்கள். சரண்யாவையும் மற்ற இரண்டு பெண்களையும் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அவர்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பதிமூன்று வயதுப் பெண் அந்த இடத்தில் இருக்கக் கூடாதுதான். அந்த அம்மாவும் நல்லதுதான் நினைத்தார். ஆனால் வீட்டில் அந்தப் பெண்ணின் கூலியை நம்பித்தான் அப்பாவுக்கு மருந்து. முத்துலட்சுமி வேலை செய்த வீடுகளுக்குப் போக முடியவில்லை. மகளைக் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள்.

அவள் பள்ளிக்கு வந்த அன்று காலை வழிபாடு முடியவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"இன்னா டீச்சரே! எழுத கத்துக் குடுன்னு அனுப்ச்சா என் குடும்பத்தையே எழுதி செவுத்துல ஒட்டிக்கீறியே! நாயமா இது?"

"அம்மா, உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்."

"பேசலாமா? இன்னும் பேசறதுக்கு இன்னா கீது? பேசு பேசுன்னு நீ நோண்டி நோண்டி கேட்டதுதானே! அது வாய தொறக்காத புள்ள. நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன், வூட்டு விசயம் வெளிய போவக் கூடாதுன்னு. இத்தினி வருசம் காப்பாத்திச்சு. நீ ஒரு மழை நாள்ல புடுங்கிக்கினியே!"

டீச்சரிடமிருந்து "ம்" கூட வரவில்லை.

"எம் பெரிய பொண்ண யார் யாரோ கொயந்தைங்களோட அடைச்சி வெச்சிகிறாங்க. பாக்கப் போனா கையெழுத்துப் போடுன்றாங்க. நான் கைநாட்டு. நீ வந்து எழுதிக் குடேன், உனக்குத்தான் நல்லா எழுத வருதே!"

சுப்பராமன் சார் வேகமாக வந்தார். "இங்க பாரும்மா, கத்தாதே. குழந்தைகள் இருக்கா. ஷாகிரா, நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ, இந்தப் பேச்செல்லாம் வேண்டாம்னு?"

சுவரில் ஒட்டச் சொன்னது அவர்தான். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வரிசையில் அனுப்ரியா நின்றிருந்தாள். முத்துலட்சுமி அவளை அடிக்கவில்லை. பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னாள். "இனிமே வாய தொறந்த, அக்கா மாதிரி உன்னையும் இட்டுனு போயிடுவாங்க. புரிஞ்சுதா?" அந்தப் பிள்ளை தலையை ஆட்டியது.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து படியில் உட்கார்ந்தார்.

"நான் எழுத்தை மட்டும்தான் பாத்தேன் அக்கா. ஒரு பக்கம் வந்துடுச்சேங்கற சந்தோஷம். என்ன எழுதியிருக்கான்னு பாக்கவே இல்லை. இங்கயே இருக்கும்னு வேற சொன்னேன்."

நான் பசையைச் சுரண்டினேன்.

"ஒட்டும்போது நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன் டீச்சர்."

"தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஏழு வாரம் கழித்து சரண்யாவை வீட்டுக்கு விட்டார்கள். பெரிய பள்ளியில் மறுபடி எட்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். டீச்சர் தினமும் வழியில் இறங்கி அவளைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டார். ஒன்பது நாள் போனாள். பத்தாம் நாள் வீட்டில் இல்லை. எங்கே வேலைக்குப் போகிறாள் என்று முத்துலட்சுமி யாருக்கும் சொல்லவில்லை. தங்கைக்கும் சொல்லவில்லை.

பேச்சு வகுப்பு ஜனவரியோடு நின்றது. சார் நிறுத்தவில்லை, டீச்சர்தான் நிறுத்தினார். பிள்ளைகள் "டீச்சர், கதை?" என்று கேட்டால் "பாடம் நெறைய இருக்குப்பா" என்பார். அஸ்வின் இரண்டு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஆண்டுத் தேர்வில் தண்ணீர் சேமிப்பு பற்றி ஒரு கட்டுரை. கைடில் இருந்ததை அனுப்ரியா ஒரு புள்ளி பிசகாமல் மனப்பாடமாக எழுதியிருந்தாள். டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். போட்டுவிட்டு அந்த விடைத்தாளை வெகு நேரம் மூடாமல் வைத்திருந்தார்.

இப்போது அனுப்ரியா பெரிய பள்ளியில் ஏழாம் வகுப்பு. போகிறாள், வருகிறாள். அந்தப் பள்ளி ஆயா எனக்குத் தெரிந்தவள். அந்தப் பெண் பேசி அவள் கேட்டதில்லையாம். சரண்யா இன்னும் வேலைக்குத்தான் போகிறாள். ஷாகிரா டீச்சர் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார், பிள்ளைகள் கைடைப் பார்த்து அழகாக எழுதுகிறார்கள். எனக்கும் அவருக்கும் சண்டை எதுவும் இல்லை. காலையில் வணக்கம் சொல்கிறேன், அவரும் சொல்கிறார்.